காரணம் அறியாக் கருணை

அன்பை அறங்களுக்கெல்லாம் தாயென்று நம் முன்னோர் போற்றினர். பிற உயிரின் துன்பங் கண்டு இரங்குவது மனிதத் தன்மையின் முதல் அடையாளம் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. இரக்கம் கொண்ட ஒருவன், அந்த இரக்கத்தின் காரணமாகவே, தான் காக்க விரும்பிய உயிருக்குக் கேடு செய்துவிட்டால் அச்செயலை அறம் என்பதா, பிழை என்பதா? நோக்கம் தூய்மையானது என்று கூறி அவனை விட்டுவிடலாமா? அன்றி, அன்பு செய்பவனுக்கு அறிந்து செய்யும் கடமையும் உண்டென்று வலியுறுத்த வேண்டுமா?

இவ்வினாவுக்கு விடை காணப் பேரரசுகளின் வரலாற்றைப் புரட்ட வேண்டியதில்லை. தெம்பனிஸ் அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களில் தொட்டிகளில் வாடி நிற்கும் ரோஜாச் செடிகளே போதும். சிறிய பொருளில் தெளிவாகத் தெரியும் உண்மை பெரிய பொருளிலும் பொருந்தும் என்பதால், அச்செடிகளையே நம் சிந்தனைக்குக் களமாகக் கொள்வோம்.

தெம்பனிஸ் என்னும் பெயரே ஒரு மரத்தினின்று வந்தது. மலாய் மொழியில் 'தெம்பினிஸ்' எனப்படும் அம்மரம் இரும்பையொத்த உறுதியான கட்டையைத் தருவது. பிற்காலத்தில் இவ்வட்டாரம் மணற்குழிகளும் பண்ணைகளும் சிற்றூர்களும் நிறைந்த நிலமாயிற்று. 1970களின் இறுதியில் தொடங்கி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இங்கே ஒரு புதுநகரை எழுப்பியது. மண்ணில் கால் பதித்து வாழ்ந்த பலர் மாடிகளில் குடியேறினர். வீட்டைச் சுற்றியிருந்த தோட்டம் வாசலோரத் தொட்டியாகச் சுருங்கியது. எனினும் செடி வளர்க்கும் ஆசை மட்டும் சுருங்கவில்லை. துளசியும் கறிவேப்பிலையும் மல்லிகையும் தொட்டிகளுக்குப் பழகிக்கொண்டன. ரோஜாவோ அவ்வளவு எளிதில் பழகவில்லை.

தமிழர் இல்லங்களில் ரோஜாவின் மீதுள்ள விருப்பத்தைச் சொல்லத் தேவையில்லை. லிட்டில் இந்தியாவில் பஃப்ளோ சாலையிலும் கேம்பல் லேனிலும் உள்ள மாலைக் கடைகளுக்கு முன்னால் ஒரு கணம் நின்றால், மல்லிகையின் வெண்மைக்கு நடுவே ரோஜாவின் செம்மை எத்தகைய இடம் பெற்றிருக்கிறது என்பது விளங்கும். கடையில் வாங்கும் பூவைவிடத் தன் கையால் நட்டு வளர்த்த செடியிலிருந்து ஒரு பூவைப் பறித்துச் சாமி படத்திற்குச் சூட்டுவதில் ஒரு நிறைவு இருக்கிறது. அந்த நிறைவை நாடியே பலரும் ரோஜாச் செடி வாங்குகின்றனர்.

வாங்கிவந்த நாளில் செடி இலை நிறைந்தும் மொட்டுத் தாங்கியும் காட்சியளிக்கிறது. அது பெரும்பாலும் கேமரன் மலை போன்ற குளிர்ந்த மேட்டு நிலத்தில் வளர்ந்த செடியாக இருக்கும். அங்கே இரவு குளிர்ந்திருக்கும். சிங்கப்பூரிலோ நடுப்பகலில் வெப்பம் 31 அல்லது 32 பாகையை எட்டும். இரவிலும் 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. குளிர்காலம் என்னும் ஓய்வே இல்லாத நிலம் இது. மலையிலிருந்து இறங்கிய செடி இரண்டொரு வாரங்களில் இலைகளை உதிர்க்கத் தொடங்குகிறது.

அன்புள்ளம் கொண்டவர் அதைக் கண்டு பதறுகிறார். காலையில் ஊற்றிய நீர் போதவில்லை என்றெண்ணி மாலையிலும் ஊற்றுகிறார். மூன்று நாள் கழித்தும் தேறவில்லையென்றால் ஒரு கைப்பிடி உரத்தை இடுகிறார். அடுத்த வாரம் பூச்சிமருந்து வாங்கித் தெளிக்கிறார். பின்னர் வெயில் கடுமை என்று நிழலுக்கு மாற்றுகிறார். நிழல் ஆகாதென்று யாரோ சொல்ல, மீண்டும் வெயிலில் வைக்கிறார். ஒரு மாதத்திற்குள் செடி கருகிவிடுகிறது. "என்ன செய்தும் பிழைக்கவில்லையே!" என்று அவர் வருந்துகிறார். அவ்வருத்தம் உண்மையானது. ஆயினும் "என்ன செய்தும்" என்ற சொல்லை நாம் சற்று ஆராய வேண்டும். பலவற்றையும் செய்தவர் ஒன்றை மட்டும் செய்யவில்லை. செடிக்கு என்ன நேர்ந்தது என்று அவர் பார்க்கவில்லை.

செடிக்கு வாய் இல்லை. ஆனால் குறிகள் உண்டு. அக்குறிகளைப் படிப்பதில் உள்ள முதல் இடர்ப்பாடு, ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு காரணங்கள் ஒரே தோற்றத்தைத் தருவதாகும். நீர் இல்லாத செடி தலை சாய்கிறது. நீர் மிகுந்து வேர் அழுகிய செடியும் அவ்வாறே தலை சாய்கிறது. வேர்களுக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் துளைகளையெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே நீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. இந்நிலையில் மேலும் ஒரு குவளை நீரை ஊற்றுவது எத்தகைய செயல்? ஊற்றுபவரின் கண்ணுக்கு அது கொடை. செடிக்கு அது கேடு. வேறுபாட்டை அறிய வேண்டியதெல்லாம் மண்ணுக்குள் விரலை இரண்டு அங்குலம் செலுத்திப் பார்ப்பதுதான். தொட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்தாலும் அதன் கனமே விடை சொல்லிவிடும். ஊற்றிய நீர் உடனே அடித்துளை வழியாக ஓடிவிடுகிறதென்றால், வேர்கள் தொட்டி முழுவதும் பின்னிக்கொண்டனவா, மண் இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இலை மஞ்சளாவதும் அவ்வாறே பல பொருள் தரும் ஒரு சொல். கீழேயுள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். மேலேயுள்ள இளந்தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பசுமையாக நின்றால் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இல்லாததால்தான் அவ்வாறு நேரும் என்பதில்லை. மண் காரத்தன்மை மிகுந்திருந்தாலும், நீர் தேங்கி வேர் நலிந்திருந்தாலும், இருக்கும் இரும்பையும் செடியால் எடுத்துக்கொள்ள இயலாது. இலையின் விளிம்பு மட்டும் தீய்ந்தாற்போல் பழுப்பானால், முன்பு இட்ட உரத்தின் உப்பு மண்ணில் மிகுந்துவிட்டது என்றும் கருத இடமுண்டு. அதற்கு மருந்து மேலும் உரம் இடுவதன்று. நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி, அது அடித்துளை வழியே முழுவதும் வடிந்து உப்பைக் கழுவிச் செல்ல விடுவதாகும்.

இலையின் மேல் ஓரம் சிதைந்த கரும்புள்ளிகள் தோன்றி, சுற்றிலும் மஞ்சள் படர்ந்து, இலை உதிருமானால் அது கரும்புள்ளி நோய். 'டிப்ளோகார்ப்பான் ரோசே' என்னும் பூஞ்சைக் காளானால் வருவது. இதன் வித்துகள் இலைக்குள் புகுவதற்கு இலை ஏறத்தாழ 7 மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். மாலையில் செடியின் தலைமேல் நீர் தெளித்துக் குளிப்பாட்டும் பழக்கம், இரவு முழுவதும் இலை உலராதபடி செய்து அந்நோய்க்கு வாசலைத் திறந்துவிடுகிறது. காலையில், இலை நனையாமல், அடிமண்ணில் மட்டும் நீர் வார்ப்பது. நோயுற்ற இலைகளையும் உதிர்ந்த இலைகளையும் அகற்றுவது. செடிகளுக்கிடையே காற்றோட விடுவது - இவையே முதல் மருத்துவம். பூஞ்சைக்கொல்லி மருந்து இனி வரும் இலைகளைக் காக்கும். புள்ளி விழுந்த இலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

மழை படாத தாழ்வாரத்தில் வேறொரு பகை ஒளிந்திருக்கும். இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல் நுண்ணிய வெளிறிய புள்ளிகள் தெரியும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மெல்லிய நூலாம்படையும், கண்ணுக்கு அரிதாகத் தென்படும் சிவப்புச் சிலந்திகளும் இருக்கும். வறண்ட காற்றில் பெருகும் இவற்றை, காலை வேளையில் இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சியே பெரும்பாலும் அடக்கலாம். கரும்புள்ளி நோய்க்கு நனைந்த இலை ஆகாது. சிலந்திக்கோ நீர்வீச்சே மருந்து. ஒன்றுக்கு உதவுவது மற்றொன்றுக்கு ஊறு செய்யும்போது, "ரோஜாவுக்கு எது நல்லது?" என்ற பொது வினாவுக்குப் பொருளே இல்லை. இந்தச் செடிக்கு, இந்த இடத்தில், இன்று என்ன குறை என்பதே கேட்கத்தக்க வினா.

சில வேளைகளில் நோயே இராது. வானமே காரணமாக இருக்கும். ரோஜாவுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். நம் தீவு நிலநடுக்கோட்டுக்கு 1 பாகை அளவே வடக்கில் இருப்பதால், மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை நண்பகல் கதிரவன் வடபுறமாகவும், ஏனைய மாதங்களில் தென்புறமாகவும் செல்கிறது. வடக்கு நோக்கிய தாழ்வாரத்தில் ஜூன் மாதத்தில் வெயில் குடித்துப் பூத்த செடி, டிசம்பரில் நேர்வெயிலே காணாமல் மெலிந்து நீள்கிறது. உடையவர் நோயென்று மருந்து தேடுகிறார். செடிக்கு வேண்டியது மருந்தன்று. எதிர்ப்புறச் சன்னலோரம் மட்டுமே.

இவ்வளவையும் விரித்துரைத்தது தோட்டக்கலை கற்பிப்பதற்காக மட்டுமன்று. இரக்கம் எத்தனை எளிதில் வழிதவறும் என்பதைக் காட்டவே. நம் இலக்கிய மரபு இவ்வுண்மையை நன்கறிந்திருந்தது. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கை வகுக்கிறார். நோய் இன்னதென்று தெளிதல், அது தோன்றிய காரணத்தைத் தெளிதல், தணிக்கும் வழியை அறிதல், அதன்பின்னரே தவறாது செய்தல் என்பது அவ்வொழுங்கு. செயல் அங்கே நான்காம் படியில் நிற்கிறது. முதல் மூன்றும் அறிதலே. அடுத்த குறளில் நோயுற்றவனின் தன்மை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். வேர் அழுகிய செடிக்கு உரமிடுபவர் இம்மூன்றையும் மறந்தவர். உண்ண இயலாதவனுக்கு விருந்து படைப்பவரோடு அவரை ஒப்பிடலாம்.

பறம்பு மலைத் தலைவன் பாரியின் கதையை அறியாத மாணவர் இல்லை. பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரை ஈந்தான் என்று அவன் வள்ளன்மையைப் போற்றுகிறோம். தேரின் விலையை எண்ணியே நாம் வியக்கிறோம். அதற்கு முன்னே நிகழ்ந்த ஒன்றை நினைப்பதில்லை. பாரி அக்கொடியைப் பார்த்தான். அதற்கு நீர் வேண்டும் என்று அவன் எண்ணவில்லை. நிழல் வேண்டும் என்றும் எண்ணவில்லை. பற்றுக்கோடு இல்லாமையே அதன் குறை என்று கண்டான். சிறு கொம்பே போதுமே, தேர் எதற்கு என்று கேட்போர் உண்டு. அளவில் அவன் கொடை மிகையாகவே இருக்கலாம். ஆனால் அவன் கண்ட குறை சரியானது. ஆயிரம் குடம் நீர் வார்த்திருந்தாலும் அக்கொடி எழுந்திராது.

பாரியின் கொடையினும் வடலூர் வள்ளலாரின் உள்ளம் வேறொன்றை நமக்கு உணர்த்துகிறது. நீரின்றி வாடும் பயிரின் துயரைத் தம் துயராகவே உணர்ந்த பெருந்தகை அவர். அத்தகைய உணர்வு இல்லையேல் பார்வையும் பிறவாது. எவன் ஒரு செடியின் வாட்டத்தைத் தன் நெஞ்சில் உணரவில்லையோ அவன் அதன் இலையைத் திருப்பிப் பார்க்கவே மாட்டான். ஆகவே இரக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உணர்தல் தொடக்கம், காணுதல் அடுத்தது, காரணம் தெளிதல் அதற்கடுத்தது. தொடக்கத்தையே முடிவென்று கொண்டுவிடுவதுதான் பிழை.

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். "செடிக்கு மனம் ஏது? அதன் திறத்தில் அறம் பேசுவது மிகையன்றோ?" என்பது முதலாவது. செடிக்கு வலி உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சிக்குள் நாம் புக வேண்டியதில்லை. வேறொரு வழியிலும் இதை அணுகலாம். காட்டில் வளரும் செடி நீரைத் தேடி வேரை நீட்டும். ஒளியைத் தேடிக் கிளையைச் சாய்க்கும். விதையை வேறிடத்திற்கு அனுப்பும். தொட்டிச் செடியோ ஒரு முழ மண்ணுக்குள் அடைபட்டது. நீரும் உணவும் வெயிலும் தரும் பொறுப்பு முழுவதையும் நாம் எடுத்துக்கொண்டோம். அது கேட்டு நாம் எடுக்கவில்லை; நம் மகிழ்ச்சிக்காக எடுத்தோம். தன்னைத்தான் காத்துக்கொள்ளும் வழிகளை ஓர் உயிரிடமிருந்து பறித்தவன், அதைக் காக்கக் கடமைப்பட்டவன் ஆகிறான். இக்கடமை செடியின் மனத்திலிருந்து பிறக்கவில்லை. நம் செயலிலிருந்து பிறக்கிறது.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. "எல்லாரும் தாவரநூல் வல்லுநர் ஆக முடியுமா? அறியாமை குற்றமாகுமா?" என்பது அது. அறியாமை குற்றமன்று. அறிய வாய்ப்பிருந்தும் பாராமை வேறு. மண்ணில் விரல் வைப்பதற்கும் இலையைத் திருப்புவதற்கும் பட்டம் வேண்டியதில்லை. பிறகு ஏன் நாம் பார்ப்பதில்லை? இவ்விடத்தில் நம் உள்ளத்தை நாமே சோதித்துப் பார்த்தால் கசப்பான ஓர் உண்மை புலப்படும். வாடிய செடியைக் காணும்போது நமக்குள் ஓர் அமைதியின்மை எழுகிறது. ஏதேனும் செய்தால் அது தணிகிறது. நீரை ஊற்றியவுடன் நம் மனம் குளிர்கிறது; கடமை முடிந்ததென்று உள்ளே போய்விடுகிறோம். அப்படியானால் அந்த நீரை நாம் யாருக்கு வார்த்தோம்? செடிக்கா, நம் கலக்கத்துக்கா? பிறர்க்குச் செய்யும் உதவிகளில் எத்தனை இவ்வாறு நமக்கே செய்துகொண்ட உதவிகள் என்று எண்ணிப் பார்த்தால் நாணம் தோன்றும்.

சும்மா இருந்து பார்ப்பது கடினமானது. மலையிலிருந்து வந்த செடி இலை உதிர்ப்பது, பல வேளைகளில் இடம் மாறியதன் அதிர்ச்சியே. அதற்கு உரமும் வேண்டா, கவாத்தும் வேண்டா. நல்ல வெளிச்சமும் அளவான நீரும் தந்து சில வாரம் காத்திருந்தால், புதிய சூழலுக்கு ஏற்ற புதிய இலைகளை அதுவே விடும். காத்திருத்தல் செயலின்மை அன்று. நாள்தோறும் நின்று கவனித்தபடி கையை அடக்கிக்கொள்வதும் ஒரு தொண்டே. அதேபோல், கடுமையாகத் தோன்றும் செயல் சில வேளை கனிவாகும். கிளையின் நுனி கருகி, அக்கருமை கீழ்நோக்கி இறங்குமானால், கருமைக்குக் கீழே நலமான தண்டு தெரியும் இடம் வரை தூய கத்தியால் வெட்டியாக வேண்டும். பாவமென்று தயங்கினால் செடி முழுவதும் கருகும்.

நோயை மட்டுமன்று, நலத்தையும் நாம் தவறாகப் படிக்கிறோம். கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. வலிய காட்டு ரோஜா ஒன்றின் வேரின்மீது நல்ல பூப்பூக்கும் வகையின் மொட்டை ஒட்டி உருவாக்கியது. ஒட்டுக்குக் கீழிருந்து சில வேளை ஒரு கொம்பு வேகமாகக் கிளம்பும். செடி தேறிவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். அந்தக் கொம்போ வேர்ச்செடிக்கு உரியது. அது மேலேயுள்ள நல்ல வகையின் உணவை உண்டு, நாளடைவில் அதை அழித்துவிடும். செடி பசுமையாகவே இருக்கும். நாம் விரும்பிய ரோஜா மறைந்திருக்கும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக் கொம்பு, ஐந்து இருந்தால் நல்ல கொம்பு என்று ஒரு வழக்கு உண்டு. அது எப்போதும் உண்மையாவதில்லை. கொம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று அடிவரை தேடிச் சென்று பார்ப்பதே தெளிவான வழி. தோற்றத்தை எண்ணுவதைவிடத் தோன்றிய இடத்தைக் காண்பது மேலானது.

ஓர் உயிரிடம் கொண்ட பரிவு மற்றோர் உயிரின் நலத்தைக் கெடுத்துவிடவும் கூடாது. தாழ்வாரம் ஒருவருக்கே உரியதன்று. தீ மூண்டால் மக்கள் தப்பிச் செல்லவும் மீட்புப் படையினர் வரவும் 1.2 மீட்டர் அகல வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. தொட்டித் தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதனால் பரவும் டெங்கிக் காய்ச்சல் அண்டை வீட்டுக் குழந்தையையும் வருத்தும். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள், இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடுங்கள் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வது கொசுவைத் தடுப்பதற்காக. அவ்விரு செயல்களும் ரோஜாவின் வேருக்கும் நன்மை செய்வன. அயலாரின் நலமும் செடியின் நலமும் இங்கே ஒன்றாகின்றன. பூச்சிமருந்தைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதன்று. பலரும் நடமாடும் இடத்தில், காரணம் உறுதியாகத் தெரியாமல், கடும் நஞ்சைத் தெளிக்க எவருக்கும் உரிமையில்லை. கையால் எடுத்தல், நீரால் கழுவுதல், உச்சிவெயில் தவிர்த்து வேப்ப எண்ணெய்க் கரைசல் தெளித்தல் ஆகியவற்றை முதலில் முயல்வதே முறை.

இவ்வளவு இடர்ப்பாடு உண்டெனில், இத்தீவில் ரோஜா வளர்ப்பதே தவறா? இவ்வினாவையும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். நீலகிரியில் 1995-இல் அமைக்கப்பட்ட உதகை அரசு ரோஜாப் பூங்கா, 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கிய சிறப்பு விருதைப் பெற்றது. அங்கே மலைக்குளிர் ரோஜாவுக்குத் துணை நிற்கிறது. சிங்கப்பூரில் 2012-இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டத்தின் மலர்க் கூடத்தில் ரோஜாக்கள் காட்சிக்கு வைக்கப்படுவதுண்டு. அக்கண்ணாடிக் கூடம் 23 முதல் 25 பாகை வரை குளிர்விக்கப்படுகிறது. அத்தகைய கூடத்தை எந்த வீட்டுத் தாழ்வாரமும் தர இயலாது. அங்கே காணும் பூவை இங்கே எதிர்பார்ப்பதுதான் தவறு, வளர்ப்பது தவறன்று.

ரோஜாவின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையே பெரும்பாலும் பூத்துவந்த ஐரோப்பிய ரோஜாக்கள் மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பைப் பெற்றது, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து சென்ற ரோஜாக்களோடு கலந்த பிறகே. 1867-இல் பிரான்சில் தோன்றிய 'லா பிரான்ஸ்' என்னும் வகை அத்தகைய கலப்பின் புகழ்பெற்ற விளைவு. இன்று நாம் போற்றும் ரோஜா எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையானதன்று. நம் தேசிய மலராக 1981-இல் அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிமும் இரண்டு இனங்களின் கலப்பே. ஆதலின் "இது இந்த மண்ணுக்குரியதன்று" என்று ஓர் உயிரைத் தள்ளிவிடுவது பொருந்தாது. எந்த வகை இவ்வெப்பத்தைத் தாங்கும் என்று தேர்ந்து வாங்குவதும், மலையில் பூத்த அளவை இங்கே வற்புறுத்தாதிருப்பதும் நம் கடன். சீன ரோஜாக்களின் வழிவந்த சில வகைகள் வெப்பத்தைப் பொறுக்கும். பூ சிறியது, ஆனால் செடி வாழும். பெரிய பூவைக் கேட்டுச் செடியைக் கொல்வதா, சிறிய பூவை ஏற்றுச் செடியை வாழவிடுவதா என்பதில் அன்பின் தரம் வெளிப்படுகிறது. எல்லாம் செய்தும் தேறாத செடியை, அதன் நோய் அருகிலுள்ளவற்றுக்குப் பரவுமுன் அகற்றுவதும் வளர்ப்பவன் கடமையே. ஆனால் காரணத்தைத் தேடிய பிறகே அவனுக்கு அந்த உரிமை வரும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இக்கட்டுரையைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சொல் கூறலாம். வகுப்பில் வாடி நிற்கும் பிள்ளைக்கு நாம் செய்வதென்ன? கூடுதல் பயிற்சித்தாள், கூடுதல் துணைப்பாட வகுப்பு, கூடுதல் அறிவுரை. போதாமையால் வாடும் பிள்ளைக்கு அவை உயிர் தரும். மிகுதியால் வாடும் பிள்ளைக்கு? இருவர் முகத்திலும் ஒரே சோர்வுதான் தெரியும். தமிழ் பேசாத இல்லத்திலிருந்து வந்ததால் தயங்கும் மாணவனையும், நன்கு பேசத் தெரிந்தும் நகைப்புக்கு அஞ்சி வாய் மூடியிருக்கும் மாணவனையும் மதிப்பெண் தாள் ஒன்றாகவே காட்டும். முன்னவனுக்குச் சொற்கள் வேண்டும். பின்னவனுக்குத் துணிவு வேண்டும். எவனுக்கு எது என்று அறிய, பாடநூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் அவனோடு உரையாட வேண்டியிருக்கும். மாணவனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செடியைப் போலன்றி உனக்கு வாய் உண்டு. எங்கே வலிக்கிறது என்று சொல்வது உன்னைக் காக்க விரும்புவோர்க்கு நீ செய்யும் பேருதவி.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். இரக்கத்தால் கேடு செய்தவனைக் கொடியவன் என்று நாம் பழிக்க மாட்டோம். ஆனால் அவன் செயல் அறம் நிரம்பியது என்றும் கூற இயலாது. நல்ல நோக்கம் அறத்தின் வித்து, அவ்வளவே. எதைக் காக்க விரும்புகிறோமோ அதை உற்று நோக்குதல், அதன் குறை இன்னதென்று தேர்தல், தேர்ந்த பின் செய்தல், செய்யத்தகாத போது கையை அடக்குதல் என்னும் உழைப்பால்தான் அவ்வித்து வளர்ந்து பயன் தரும். அந்த உழைப்பை மேற்கொள்ளாத அன்பு, தன்னையே தேற்றிக்கொள்ளும் உணர்ச்சியாக நின்றுவிடும். அடுத்த முறை ஓர் உயிர் நம்முன் வாடி நிற்கும்போது, கை நீர்க்குவளையை நாடுமுன் கண் இலையின் அடிப்புறத்தை நாடட்டும்.